தடத்தில் புதைக்கும் பதினாறு விளக்கு

9

அர்த்தநாரி தன் வீட்டுத் தடத்தில் தரைக்குள்ளே விளக்குப் புதைக்கப்போகிறார் என்ற சேதி காதில் விழுந்ததிலிருந்து, அவர் தம்பி சின்னண்ணனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை என்று போன வாரம் நிறுத்தினோம். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. சோறு மூன்று வேளையும் இறங்கியது. மோர்தான் இறங்கவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இடம் பிடிபட வேண்டும். கருக்கம்பாளையம் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் ரோட்டிலிருந்து உள்ளே இருநூற்று நாற்பது அடி நீளத்துக்கு, பதினாறு அடி அகலத்தில் ஒரு வண்டித்தடம். தடம் முடிகிற இடத்தில் அண்ணன் வீடு. அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனால் தம்பி வீடு. அப்பன் பாகம் பிரித்தபோது வீட்டைப் பிரித்தார், காட்டைப் பிரித்தார், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நாளைப் பிரித்தார். தடத்தை மட்டும் பொதுவில் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். சின்னண்ணன் வீட்டு மஞ்சளும் கரும்பும் கடலைக்காயும் ரோட்டைப் பார்க்க அதை விட்டால் வேறு வழி கிடையாது. மூட்டைக்கு இறக்கை முளைத்தால்தான் உண்டு.

அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. காரணம் ஒரு புளியமரம். மரம் அண்ணன் காட்டில் நிற்கிறது. காலை நிழல் தம்பி காட்டில் விழுகிறது. நிழல் விழுந்த இடத்தில் எள் விளையவில்லை, அதற்கு ஈடு வேண்டும் என்று தம்பி கேட்டார். நிழலை வேண்டுமானால் வெட்டி எடுத்துக்கொள்ளச் சொல் என்று அண்ணன் சொன்னார். பேச்சு நின்றது. நிழல் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

கட்டாயம் பேசியே ஆக வேண்டும் என்று வந்தால் இருவரும் மயிலைக் காளையிடம் பேசிக்கொள்வார்கள். நாளைக்குத் தண்ணீர் முறை யாருடையது என்று தம்பி மயிலையைக் கேட்பார். கேட்டு முடிந்ததும் அது அண்ணன் பக்கம் தலையைத் திருப்பும். அண்ணன் அதனிடம் பதில் சொன்னதும் தம்பி பக்கம் திருப்பும். ஆறு வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட அது மாற்றிச் சொன்னதில்லை. அந்த மயிலை இந்த வெள்ளிக்கிழமை லாடம் கட்ட ராசிபுரம் போயிருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

சின்னண்ணன் சந்தேகப் பேர்வழி என்று ஊரில் சொல்வார்கள். அப்படி முதலில் சொன்னது யார் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. சிறுபிராயத்தில் கரும்பு ஆட்டும்போது ஆலைக்குள் கை போய், இடது கை நடுவிரல் போய்விட்டது. அன்றைக்கு அவரைத் தோளில் போட்டுக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரிவரை ஓடினவர் அண்ணன்தான். அதிலிருந்து அந்தக் கையில் எதை எண்ணினாலும் ஒன்று குறையும். குறைகிற அந்த ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்ற நினைப்பிலேயே வளர்ந்துவிட்டார். ஒரு வருஷம் மழை அண்ணன் காட்டோடு நின்று வரப்பைத் தாண்டவில்லை. அதற்கு முந்தின வாரம் அண்ணன் மேட்டூர் போய்வந்தாரே, கவனித்தீர்களா என்று ஊராரைக் கேட்டவர் அவர்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

சின்னண்ணன் வேப்பங்குச்சியோடு வெளியே வந்தார். ரோட்டோரத் தூணிலிருந்து வீடுவரைக்கும் ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. கயிற்றை ஒட்டினாற்போல் இரண்டு ஆட்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். சேலத்திலிருந்து வந்த வயர்மேன் கஸ்பார் கையில் ஒரு காகிதத்தோடு மேற்பார்வை பார்த்தார். கஸ்பார் மெலிந்த மனிதர். காதில் பென்சில், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

ஆடி மாசம். அர்த்தநாரி ஆடியில் ஒரு அரிவாள்மனைகூட வாங்காதவர். கோழிக்கு அடை வைப்பதைக்கூட ஆவணிக்குத் தள்ளிப்போட்டு, கோழியின் பொல்லாப்புக்கு ஆளானவர். அப்பேர்ப்பட்டவர் ஆடி வெள்ளியில் மண்ணை வெட்டச் சொல்கிறார் என்றால், ஆவணிவரைக்கும் பொறுக்க முடியாத ஒரு காரியம் உள்ளே இருக்கிறது. சின்னண்ணன் வேப்பங்குச்சியை அழுத்திக் கடித்தார்.

செலவு எவ்வளவு என்று கஸ்பாரைக் கேட்டார். கஸ்பார் ஒளிவு மறைவு இல்லாத ஆள். காகிதத்தை அப்படியே நீட்டிவிட்டார்.

மொத்தம் அறுநூற்று நாற்பது ரூபாய். அதில் கண்ணாடி மட்டும் பதினாறுக்கு நூற்று எழுபத்தாறு. உள்ளங்கை அகலம், இரண்டு விரல் தடிமன். உடைத்துப்போட்ட கப்பலின் மேல்தளத்தில் பதித்திருந்ததாம், மதராஸில் பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்தது என்றார் கஸ்பார். யானை மிதித்தாலும் தாங்கும். யானையை விட்டுப் பார்த்தாயா என்று சின்னண்ணன் கேட்டார். கோட்டை மாரியம்மன் நோம்பிக்கு வந்த யானையைக் கூப்பிட்டதாகவும், பாகன் இரண்டு ரூபாய் கேட்டதால் விட்டுவிட்டதாகவும் கஸ்பார் சொன்னார். கண்ணாடியைப் பிடிக்க வார்ப்பிரும்பு வளையம் தனி. மண்ணுக்குள் போகிற ஒயருக்கு ஈயத்தோல் போர்த்தியிருக்க வேண்டும். அது நூற்று அறுபத்தைந்தை விழுங்கிவிட்டது. மழைத் தண்ணீர் வடிய ஒவ்வொரு குழிக்கும் அடியில் ஜல்லி.

"ஏனுங்க கஸ்பாரு, இதையே கம்பம் நட்டு மேல மாட்டுனா எவ்வளவு ஆகும்?"

"நாலு கம்பம், நாலு லைட்டு. நூத்து நாப்பதுல முடிஞ்சிரும். நானும் அதைத்தான் சொன்னேன் சின்னவரே. பெரியவரு கேக்கல. லைட்டு மேல இருக்கக் கூடாது, காலடியில இருக்கணும்னுட்டாரு. ஒரே வரிசையாப் போதும்னுட்டாரு."

"கையெழுத்துப் போட்டாரா?"

அதுதான் இல்லை என்று கஸ்பார் சலித்துக்கொண்டார். எஸ்டிமேட்டின் அடியில் கையெழுத்துப் போடுகிற இடம் வெறுமையாகவே இருந்தது. பெரியவர் வாய்ச்சொல்லாகச் சொன்னதை நம்பித்தான் வேலையை ஆரம்பித்திருக்கிறார். முன்பணம் வாங்கியாகிவிட்டதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

சின்னண்ணன் வீட்டுக்குள் போய் வண்டிக்கயிற்றை எடுத்துவந்தார். யாரும் பார்க்காதபோது அளந்தார். யாரும் பார்க்காதபோது என்றால், குழி வெட்டுகிற இரண்டு பேர், கஸ்பார், மாடியில் நின்ற அண்ணி சௌந்திரம், இவர்கள் மட்டும் பார்த்தபோது. தடம் பதினாறு அடி. குழி வரிசை மேற்கு ஓரத்திலிருந்து நாலு அடி உள்ளே போகிறது. அந்தப் பக்கம் பன்னிரண்டு. இந்தப் பக்கம் நாலு. அவருடைய வண்டிக்கு ஆறு அடி வேண்டும். நாலு அடியில் வெள்ளாடு போகலாம். அதுவும் சினையாக இல்லாத வெள்ளாடு.

மண்டைக்குள் பளிச்சென்று ஆயிற்று. இது விளக்கு இல்லை. இது எல்லையைக் காட்டுகிற அத்துக்கல்.

நாளைக்கே சர்வேயர் வந்தால் என்ன பார்ப்பார்? நேர்கோட்டில் பதினாறு இடத்தில் செங்கல்லும் சிமெண்டும் இரும்பு வளையமும். சாதாரண அத்துக்கல்லை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி நகர்த்தலாம் என்பது அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். கரண்டு ஓடுகிற அத்துக்கல்லை யார் தொடுவார்? நூற்று நாற்பது ரூபாயில் முடிகிற வெளிச்சத்துக்கு ஒருவர் அறுநூற்று நாற்பது கொடுக்கிறார் என்றால், மிச்சம் ஐந்நூறும் வெளிச்சத்துக்கான விலை இல்லை. எட்டு வருஷத்து வேட்டியைத் திருப்பிப்போட்டுக் கட்டுகிறவர் தன் அண்ணன்.

வீட்டுக்குள் வந்து ராஜம்மாளிடம் சொன்னார். அவர் மனைவி முறத்தில் துவரையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"உங்ககிட்டப் பாதிச் செலவு கேட்டாருங்களா?"

"கேக்கலியே. அதுதான புள்ள சங்கதி. ஒரு தேங்காய ரெண்டாப் பாகம் போடறப்ப எனக்குச் சின்ன மூடி வருதான்னு பாக்கற மனுசன், முன்னூத்து இருவது ரூவாய எங்கிட்டக் கேக்காம உடறாருன்னா என்ன அர்த்தம்? நாங் குடுக்காத வெளக்கு என்ற வெளக்கு இல்ல. என்ற வெளக்கு இல்லாத தடம் என்ற தடம் இல்ல. நாளைக்குத் தாசில்தார் முன்னால நின்னு, செலவு பண்ணுனது நானொருத்தன்னு ரசீத நீட்டுவாரு."

"அப்ப என்ன பண்ணப்போறீங்க?"

பாதிப் பணத்தைக் கொடுத்தே தீருவது என்று சின்னண்ணன் முடிவு பண்ணியிருந்தார். ராஜம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். மஞ்சள் விற்ற பணம் முன்னூற்று எண்பது அடுக்குப்பானையில் இருந்தது. கிணற்றுக்கு மோட்டார் வைக்க முதல் தவணை கட்டச் சேர்த்தது.

"ஊரு உலகத்துல கேட்ட கடனையே குடுக்காம ஓடறாங்க. நீங்க கேக்காத கடனக் குடுக்கத் தொரத்தறீங்க," என்றாள். ஆனாலும் எடுத்துக் கொடுத்தாள். தடம் போனால் மோட்டார் வைத்து இறைத்து விளைவித்ததை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பது அவளுக்கும் தெரிந்ததுதான்.

மயிலை இல்லாததால் பேச்சுவார்த்தைக்குக் கஸ்பாரைப் பிடித்தார்கள். முதல் தடவை கஸ்பார் முன்னூற்று இருபது ரூபாயோடு உள்ளே போய், முன்னூற்று இருபது ரூபாயோடு திரும்பி வந்தார். பெரியவர் வேண்டாம் என்கிறார். இரண்டாம் தடவை, தடம் பொதுவானது, செலவும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று சின்னண்ணன் சொல்லியனுப்பினார். அவன் சோலியைப் பார்க்கச் சொல் என்று பதில் வந்தது. மூன்றாம் தடவை நூறு ரூபாயாவது வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். இருபது வருஷமாக வயர்மேன் வேலை பார்க்கிறேன், பணம் வேண்டாம் என்கிறவரையும் கொடுத்தே தீருவேன் என்கிறவரையும் ஒரே வீட்டில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று கஸ்பார் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குக் கஸ்பார் வேலையை நிறுத்தினார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆறாவது குழி ஓரத்தில் நின்று கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். நிறுத்தினார். மறுபடி முணுமுணுத்தார். இப்படி மூன்று முறை. சின்னண்ணன் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து பார்த்தார். அளவெடுக்கிறான். டேப்பில் அளந்தால் தெரிந்துவிடும் என்று மனசுக்குள் அளக்கிறான். பக்கத்தில் போய் என்ன கணக்கு என்று கேட்டார். மத்தியான மணிக்குச் சொல்கிற மூவேளைச் செபம் என்றார் கஸ்பார். வேறொரு ஆளாக இருந்தால் நம்பியிருப்பார்.

இந்த இடத்தில் அந்த வீட்டிலிருந்த இன்னொருவரையும் சொல்லிவிட வேண்டும். அர்த்தநாரியின் மகள் வசந்தாமணியைத் தையில்தான் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை மேட்டூரில் ஒரு கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதுகிறார். தலை ஆடிக்கு அழைத்தார்கள், வந்தார், ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுட்டுத் தின்றார், பத்து நாளாகியும் போகவில்லை. ஆடியில் புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் பத்து நாள் தங்குவது அந்தச் சீமையில் வழக்கமே இல்லை. இதைச் சந்தேகப்படச் சின்னண்ணனுக்கு நேரம் இருக்கவில்லை. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டவர். எதிர்ப்பட்டால் "சின்ன மாமா, உடம்பு சவுக்கியங்களா?" என்று கைகூப்பிக் கேட்பார். போன வாரம் அவர் தடத்தில் எட்டுவைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தாரே, அதைப் பார்த்தபோதுகூடச் சின்னண்ணன், இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடம்பை எப்படிப் பேணுகிறார்கள் என்று ராஜம்மாளிடம் மெச்சிக்கொண்டார்.

நாலு மணிக்குப் பதினாறு குழியும் வெட்டி முடிந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி ஆழம். கண்ணாடியும் வளையமும் நாளைக் காலை வரும் என்று சொல்லிவிட்டுக் கஸ்பார் ஐந்து மணி பஸ்ஸில் சேலம் போய்விட்டார். போகும்போது, குழிக்குப் பக்கத்தில் ஒரு அரிக்கேன் வைத்துக்கொள்ளச் சொல்லி சௌந்திரத்திடம் சொன்னார். பெரியவர் நாமக்கல்லுக்குப் போயிருக்கிறார், வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவார் என்று சௌந்திரம் சொன்னாராம்.

அப்போதுதான் சின்னண்ணனுக்கு யோசனை வந்தது. அண்ணன் பஸ்ஸில் போயிருக்கிறார். கார் இருந்தும் பஸ்ஸில் போயிருக்கிறார். அர்த்தநாரியிடம் ஒரு பழைய கறுப்புக் கார் உண்டு. போன மாசம் ஒரு சாயந்தரம் அதைக் கொண்டுபோய் ரோட்டோரத் தூணில் மோதிவிட்டார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிற்று. தண்ணி போட்டிருந்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அர்த்தநாரி அதை மறுக்கவில்லை. சின்னண்ணனும் மறுக்கவில்லை, இரண்டு இடத்தில் தானே எடுத்தும் சொன்னார். அதிலிருந்து காரை மாப்பிள்ளைதான் ஓட்டுகிறார். இன்றைக்கும் மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு ராசிபுரம் போயிருந்தார்.

ஆக, அண்ணன் ரோட்டில் இறங்கி, இந்தத் தடத்தில்தான் நடந்து வர வேண்டும். நேருக்கு நேர் நின்று பணத்தைக் கையில் திணித்துவிட்டால்? வாங்கினது வாங்கினதுதான். கீழே போட்டால் போட்டது அவர் பாடு. பேசக்கூட வேண்டியதில்லை.

இப்படியொரு காரியத்துக்குச் சட்டையில்லாமல் போவது முறையில்லை என்று சின்னண்ணனுக்குத் தோன்றிற்று. கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். முன்னூற்று இருபது ரூபாயை நாலாக மடித்து வலது கையில் பிடித்துக்கொண்டார். நாலாவது குழிக்கும் ஐந்தாவது குழிக்கும் நடுவில், குழி வரிசையை ஒட்டி ஓடுகிற ஒற்றையடிப் பாதையின் குறுக்கே போய் நின்றார்.

பஸ் வரவில்லை. கொல்லிமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி, ஆறரை மணிக்கே மசங்கிவிட்டது. ஆனாலும் ஆள் தெரிகிற வெளிச்சம் இருந்தது. புளியமரத்தில் உட்கார்ந்திருந்த காக்காயைச் சின்னண்ணனால் எண்ண முடிந்தது. ஏழு, இடது கையில் எண்ணியதால் எட்டாகவும் இருக்கலாம்.

பஸ் வந்து நின்று போயிற்று. அர்த்தநாரி தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தடியை முன்னால் நீட்டித் தரையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அகலமாகப் படுத்துக் கிடக்கிற தடத்தின் நடுவில் வராமல், மேற்கு ஓரத்து ஒற்றையடிப் பாதையிலேயே வந்தார். முதல் குழி ஓரத்தில் தடி உள்ளே இறங்கிற்று. சுற்றிக்கொண்டார். இரண்டாவதையும் சுற்றிக்கொண்டார்.

சின்னண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். ஆறு வருஷமாகத் தம்பியைக் கண்டால் இருபது அடிக்கு முன்னாலேயே முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொள்கிறவர் அர்த்தநாரி. இன்றைக்குத் திருப்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினைந்து அடி. பத்து அடி. என்ன திட்டத்தோடு வருகிறாரோ என்று சின்னண்ணன் நோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

நாலு அடியில் அர்த்தநாரி நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"ஆருங்க அது? மாப்பிள்ளைங்களா?"

சின்னண்ணன் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"வெள்ளையாத் தெரிஞ்சுது, நீங்களாத்தான் இருக்குமுன்னு நெனச்சேன். ராசிபுரத்துல இருந்து வந்தாச்சுங்களா? ஏனுங்க, நேத்துச் சாயந்தரம் நீங்க நீட்டுன காயிதத்துல ரெண்டு எடத்துலயும் போட்டுட்டேனே. இன்னும் எங்கயாச்சும் போடோணுமா?"

சொல்லிக்கொண்டே, காகிதத்தை வாங்குகிறவர்போலக் கையை நீட்டினார். நீட்டின கை தம்பியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் நின்றது. அர்த்தநாரியின் கண் தம்பியின் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

பதினாறு குழியும், கம்பம் வேண்டாம் என்றதும், காலடியில் ஒரே வரிசையாகப் போதும் என்றதும், தூணில் மோதின காரும், ஆவணிவரைக்கும் பொறுக்காத ஆடியும் சின்னண்ணன் மண்டைக்குள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் உட்கார்ந்தன. மாலைக்கண். பொழுது இறங்கிவிட்டால் இந்த மனிதருக்கு உலகம் கிடையாது. குடிகாரன் என்று ஊர் சொல்வதைப் பொறுத்துக்கொண்டவர், குருடன் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அறுநூற்று நாற்பது ரூபாயை மண்ணில் புதைக்கிறார்.

பதில் வராததால் அர்த்தநாரி வழிவிட்டு ஒதுங்கப்போனார். வலது காலை எடுத்து வைத்த இடத்தில் நாலாவது குழி இருந்தது.

சின்னண்ணன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். பணம் கீழே விழுந்தது. பிடித்தது இடது கை.

அர்த்தநாரி ஒரு காலைக் குழிக்கு மேலே தொங்கவிட்டபடி நின்றார். அவருடைய விரல்கள் தன்னைப் பிடித்திருந்த கையின்மேல் மெல்ல நகர்ந்தன. சுட்டுவிரல். அதற்கடுத்து ஒரு வெற்றிடம். விரல் அங்கேயே நின்றது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் தன் துண்டைச் சுற்றிக் கட்டினவர் அவர்.

மயிலை ராசிபுரத்தில் இருந்தது. கஸ்பார் சேலம் பஸ்ஸில் இருந்தார். நேராகப் பேசிக்கொள்வதைத் தவிர வேறு வழி ஒன்றும் மிச்சம் இல்லை.

"எத்தன நாளா இப்படி?" என்றார் சின்னண்ணன்.

"சித்திரையிலிருந்து."

"ஆருக்குத் தெரியும்?"

"உன்ற அண்ணிக்குத் தெரியும். இன்னிக்கு நாமக்கல்லுல டாக்டருக்குத் தெரியும். மருந்து குடுத்திருக்கறான், பாக்கலாங்கறான். மாப்பிள்ளைக்குத் தெரியாது. புதுச் சம்பந்தம் பாரு. அவரு முன்னால வாசல்ல உளுந்து வெக்கக் கூடாது."

சின்னண்ணன் குனிந்து நோட்டுகளைப் பொறுக்கினார். அண்ணனின் கையை விடாமலே பொறுக்கினார்.

"பாதிப் பணம் கொண்டாந்திருக்கறேன்."

"என்ற காலுக்குப் போடற வெளக்குக்கு உன்ற பணம் எதுக்குடா? மோட்டாருக்குச் சேத்ததுதான அது? ராஜம்மா கிட்டத் திருப்பிக் குடு."

சின்னண்ணன் பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அண்ணன் கையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். ஐந்தாவது குழியைச் சுற்றினார்கள். ஆறாவதைச் சுற்றினார்கள். ஏழாவதையும் சுற்றி வந்தபோதுதான் ஒரு மோர்மிளகாய் விதைபோல ஒன்று அவர் பல்லிடுக்கில் உறுத்தியது.

"ஏனுங்கண்ணா, நேத்துச் சாயந்தரம் காயிதத்துல கையெழுத்துப் போட்டேன்னீங்களே. என்ன காயிதம்?"

"இந்த லைட்டுக் கணக்குத்தான். கஸ்பாரு குடுத்த எஸ்டிமேட்டு, அடியில போட்டுக் குடுங்க, நான் குடுத்தர்றேன்னு மாப்பிள்ளை நீட்டுனாரு. ரெண்டு எடத்துல வெரல வெச்சுக் காட்டுனாரு. பொழுது போயிருச்சு, எனக்கு எழுத்து எங்க தெரியுது? மூக்குக்கண்ணாடி உள்ள இருக்குதுன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துது. போட்டுட்டேன்."

சின்னண்ணன் நின்றுவிட்டார். காலையில் கஸ்பார் காட்டின எஸ்டிமேட்டு அவர் கண்முன் வந்தது. அறுநூற்று நாற்பது ரூபாய்க்குக் கீழே, கையெழுத்துப் போடுகிற இடம் வெள்ளையாகக் கிடந்தது. கஸ்பார் அதைத் தன் சட்டைப் பைக்குள் வைத்ததையும் அவரே பார்த்தார். அண்ணன் போட்ட கையெழுத்து அதில் இல்லை. வேறு எதிலோ இருக்கிறது. தடத்தை எட்டுவைத்து எண்ணின கால் ஒன்று அவர் நினைவில் நடந்து வந்தது.

பிறந்ததிலிருந்து ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தவர், இந்த ஒரு ஆளைத் தவறவிட்டிருக்கிறார்.

ரோட்டுப் பக்கம் கார்ச் சத்தம் கேட்டது. ராசிபுரத்திலிருந்து வந்த கறுப்புக் கார் தூணைத் தாண்டித் தடத்துக்குள் திரும்பிற்று. இரண்டு விளக்கின் வெளிச்சமும் நீளமாக வந்து, கைகோத்து நிற்கிற அண்ணன் தம்பி இருவர்மேலும் விழுந்தது. ஆறு வருஷத்தில் அந்தத் தடம் பார்க்காத காட்சி அது.

கார் அங்கேயே நின்றது. யாரும் இறங்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, விளக்கு இரண்டும் அணைந்தன.

"ஏன்டா, வெளிச்சம் வந்தாப்பல இருந்துது, போயிருச்சே?" என்றார் அர்த்தநாரி.

சின்னண்ணன் பிடியை இறுக்கிக்கொண்டார். வீட்டுக்கு இன்னும் ஒன்பது குழி இருந்தது.